குஸ்கோ நகரச் சுற்று: அரை நாளில் எதை விடலாம், எதை விடக்கூடாது

வழித்துணை:

இன்கா பேரரசின் பழைய தலைநகரான பெரு நாட்டுக் குஸ்கோவில் 'சிட்டி டூர்' என்று விற்பவை பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். மதியம் ஒரு மணி வாக்கில் கிளம்புவார்கள். முதலில் இன்காக்களின் சூரியக் கோயிலான கொரிகாஞ்சா, சிலர் கதீட்ரலையும் (தலைமைத் தேவாலயம்) சேர்ப்பார்கள். பிறகு வேனில் மேலே ஏறி சக்சய்வமான், கென்கோ, புகா புகாரா, தம்போமச்சாய் என்ற நான்கு இன்கா இடிபாடுகள். ஆறரைக்குத் திரும்பல். இந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது என்றால், ஜூன், ஜூலையில் அங்கே ஐந்தரைக்கே வெயில் போய்விடும். கடைசி இடமான தம்போமச்சாயில் வாசலிலிருந்து நீரூற்றுவரை ஏற்றத்தில் நடக்க வேண்டும். போய்ச் சேரும்போது இருட்டு கட்டியிருக்கும், குளிரும் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் எட்டுப் பத்துப் பேர் குழு நல்லது என்பது. முப்பது பேர் வண்டியில் ஒவ்வொரு வாசலிலும் சீட்டு துளைப்பது, தலை எண்ணுவது, பின்தங்கியவருக்குக் காத்திருப்பது என்றே பாதி நேரம் போகும். பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? ஒரு மொழியிலா, ஸ்பானியமும் ஆங்கிலமும் மாறி மாறியா? வழியில் அல்பாக்கா துணிக்கடையில் நிறுத்துவீர்களா? இரண்டு மொழி என்றால் விளக்கம் பாதியாகிவிடும். கடை நிறுத்தம் என்றால் அந்த அரை மணி சக்சய்வமானிலிருந்துதான் வெட்டப்படும்.

சீட்டுக்கணக்கு:

பலர் தடுக்கி விழும் இடம் நுழைவுச்சீட்டு. சுற்றுலாக் கட்டணம் வேறு, நுழைவு வேறு. 'பொலேத்தோ தூரிஸ்திகோ' என்ற கூட்டுச்சீட்டு 130 சோல் (பெரு நாணயம்), பத்து நாள் செல்லும், பதினாறு இடம். மேலே உள்ள நான்கு இடிபாடுகளுக்கு மட்டும் என்றால் 70 சோல், ஆனால் ஒரே நாள்தான். அடுத்தடுத்த நாளில் பக்கத்துப் புனிதப் பள்ளத்தாக்கின் பிசாக், ஒயந்தாய்தம்போ, மொராய் இடிபாடுகளுக்குப் போகிறவர்கள் 130-ஐ வாங்குவதே லாபம். மாராஸ் உப்பளம் அதில் கிடையாது.

கொரிகாஞ்சா கோயிலும் கதீட்ரலும் இந்தச் சீட்டில் வராது, தனித்தனிக் கட்டணம். குழப்பம் எங்கே வருகிறது என்றால், கொரிகாஞ்சா பெயரிலேயே தோட்டத்துக்குக் கீழே ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது, அது மட்டும் கூட்டுச்சீட்டில் உண்டு. அதை நம்பி மேலே கோயில் வாசலுக்குப் போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறைய. சீட்டில் உங்கள் பெயர் எழுதப்படும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவைதான் துளை. பாஸ்போர்ட்டும் சோல் நோட்டும் கையில் இருக்கட்டும். ஞாயிறு காலையில் கொரிகாஞ்சா திறக்காது, மதியத்துக்கு மேல்தான்.

கல்தச்சு:

இத்தனை இடத்தில் எதற்கு நேரம் கொடுப்பது என்று கேட்டால், என் பதில் சுவர்களுக்கு. குஸ்கோவை வேறு எந்த ஊரோடும் சேர்க்க முடியாமல் செய்வது அவைதான். அவசரக் குழுக்கள் அதைத்தான் ஓட்டமாகக் கடக்கின்றன.

இரண்டு வகைச் சுவர் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று வரிசைக்கட்டு, செவ்வகக் கற்கள் நேர் வரிசையாக அடுக்கியது: கொரிகாஞ்சாவின் உள்ளறைகள், நகர மையச் சதுக்கமான பிளாசா தே அர்மாஸிலிருந்து இறங்கும் லொரேத்தோ சந்தின் இடப்பக்கம். மற்றொன்று பலகோணக்கட்டு, பல மூலைக் கற்களை ஒன்றோடொன்று பொருத்தியது: ஹதுன் ரூமியோக் தெருவின் பன்னிரண்டு மூலைக் கல் இருக்கும் சுவர். சக்சய்வமானும் இதே வகை, ஆனால் அது சுண்ணாம்புப் பாறை. வரிசைக்கட்டுக்கு எரிமலைக் கல்லான ஆண்டிசைட். நகருக்குத் தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள ருமிகொல்கா அதன் பெரிய சுரங்கம்.

கத்தி நுனி நுழையாது என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள். அதைவிட முக்கியமானதைக் கேளுங்கள்: சுவர் உள்பக்கம் சாய்ந்திருப்பது, வாசலும் மாடமும் கீழே அகன்று மேலே குறுகுவது, சாந்தே இல்லாமல் கல்லோடு கல் கடித்து நிற்பது. நிலநடுக்கத்தில் பிழைக்க இவைதான் காரணம். 1650-லும் 21 மே 1950-லும் ஊர் குலுங்கியபோது கொரிகாஞ்சாவின் மேலே ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ மடம் இடிந்தது, அடியிலிருந்த இன்கா சுவர் நின்றது. மடத்துக்குள் ஒளிந்திருந்த அறைகள் வெளியே தெரிந்ததும் 1950-க்குப் பிறகுதான். வெளியே போய்க் கொரிகாஞ்சாவின் வளைந்த சுவரையும் பாருங்கள். உள்ளே இருந்த தங்கத் தகடுகளை 1533-இல், ஸ்பானியர் சிறைபிடித்த இன்கா மன்னன் அத்தஹுவால்பாவை விடுவிக்கும் பணயத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இன்று இருப்பது வெறுங்கல். அந்த வெறுங்கல்லே போதும்.

எப்படிச் செதுக்கினார்கள் என்பதற்கு மூலிகைச் சாற்றில் கல்லை உருக்கினார்கள் என்று ஒரு வழிகாட்டி கதை விட்டால், வேறு ஆளைப் பாருங்கள். ஆற்றுக் கூழாங்கல் சுத்தியலால் கொத்திக் கொத்தி, வைத்துப் பார்த்து, எடுத்துத் திரும்பக் கொத்துவதுதான் முறை. கட்டடக்கலை ஆய்வாளர் ஷான் பியர் ப்ரோட்ஸன் அதே போன்ற கற்களால் கொத்திச் செய்து காட்டியிருக்கிறார். கொத்திய தடம் கல்முகத்தில் இன்னும் தெரியும், பக்கவாட்டு வெயிலில் நன்றாக.

சக்சய்வமானுக்கு ஒன்றேகால் மணியாவது வேண்டும். மூன்று அடுக்கு, பல்வரிசை போல மடிந்து மடிந்து போகிறது. பெரிய கற்கள் நூறு டன்னைத் தாண்டும். பெரும்பாலான குழுக்கள் கீழ்ச் சுவர் முன் படம் எடுத்துவிட்டுக் கிளம்பும். மேலே ஏறினால் கோபுர அடித்தளம், வட்டமாக. 1536-இல் மாங்கோ இன்கா படைகள் குஸ்கோவை முற்றுகையிட்டபோது கடும் சண்டை நடந்தது இங்கேதான், ஸ்பானியத் தளபதி ஹுவான் பிசாரோ உயிரைப் பறித்த அடி வாங்கியதும் இங்கேதான். பிறகு இந்தக் கோட்டைக் கல்லையே பெயர்த்து இறக்கிக் கதீட்ரலும் வீடுகளும் கட்டினார்கள். இதைத் தெரிந்துகொண்டு கதீட்ரலைப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும்.

இன்னொன்று, எந்தச் சுவரையும் தொடாதீர்கள். பன்னிரண்டு மூலைக் கல்லை 2025 பிப்ரவரியில் ஒருவன் அடித்துச் சிதைத்தான். மனசு வலிக்கிற விஷயம்.

மேட்டுநிலம்:

கல்லைப் பார்க்க முதலில் நிற்கத் தெம்பு வேண்டும். ஊர் 3,400 மீட்டர் உயரம், சக்சய்வமான் அதற்கும் மேலே. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மூச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆக்ஸிஜன்தான். லிமாவிலிருந்து காலை விமானத்தில் இறங்கி அன்று மதியமே இந்தச் சுற்று என்று பதிவு செய்வதுதான் பெரிய தப்பு. தலைவலி, குமட்டலோடு வேனிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம்.

இரண்டு வழி உண்டு. விமான நிலையத்திலிருந்து நேரே புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கி உருபம்பாவிலோ ஒயந்தாய்தம்போவிலோ (2,800 மீட்டர் ஒட்டி) இரண்டு இரவு தங்கிவிட்டு, குஸ்கோவைக் கடைசியில் வைப்பது சிறந்தது. முடியாவிட்டால் முதல் நாள் ஓய்வு, மறுநாள் சுற்று. உயரநோய்த் தடுப்பு மாத்திரையான அசிடசோலமைடு 125 மி.கி. இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். கோகா இலைத் தேநீர் இதமாக இருக்கும், ஆனால் அதை மருந்தாக நம்பி ஓடியாடாதீர்கள். இலையை ஊருக்குக் கொண்டுவரவும் கூடாது, இந்தியாவில் அது சட்டவிரோதம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் சுற்றை விட்டுவிட்டு உடனே கீழே இறங்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 'சின் கார்னே' என்றால் மாட்டிறைச்சி இல்லை என்றே சில கடையில் எடுத்துக்கொள்வார்கள். 'சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். கினுவா சூப்புக்குக் கோழிச்சாறு ஊற்றுவது சகஜம், தனியாகக் கேட்கணும். பெரிய மணிச் சோளமும் பாலாடைக்கட்டியும் தெருவிலேயே கிடைக்கும்.

வழித்துணை:

சேர்த்துச் சொல்ல மறந்தது. சிறு குழு என்றால் வரிசையைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், காலை எட்டரைக்குள் கிளம்பித் தம்போமச்சாயிலிருந்து கீழ்நோக்கி. ஏற்றம் குறையும், கூட்டமும் எதிர்த்திசையில் இருக்கும். புகா புகாரா பத்து நிமிடம் போதும். நேரம் இழுத்தால் கென்கோவைச் சுருக்கலாம், ஆனால் குகைக்குள் இருக்கும் கல்மேடையைப் பார்க்காமல் வரவேண்டாம்.

கதீட்ரலைச் சுற்றில் சேர்க்காமல் தனியே ஒரு மணி ஒதுக்குங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. மார்கோஸ் சபாத்தா வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியத்தில் தட்டில் இருப்பது கூய் என்கிற கினிப்பன்றி. விளக்கம் இல்லாமல் போனால் அது கண்ணில் படாது.

சக்சய்வமானில் முடித்தால் வேனை அனுப்பிவிட்டு நகரின் சான் பிளாஸ் பகுதிப் பக்கம் நடந்தே இறங்குங்கள், அரை மணிக்குள். படிக்கல் வழுக்கும், மழைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை ரப்பர் அடிச்செருப்பு அவசியம்.