நோயாளி மையமா, நோயாளர் நோக்கா?

> ‘பேஷன்ட் சென்டர்ட் டிசைன்’ (மருத்துவமனைக் கட்டடங்களை நோயாளியை முன்வைத்து வடிவமைப்பது) என்பதற்கு ‘நோயாளி மைய வடிவமைப்பு’ என்று போட்டுவிடலாமா? ஆட்சேபம் இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன்.

ஐயா, எனக்கு ஆட்சேபம் உண்டு.

சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் வெளிநோயாளர் பிரிவு, நோயாளர் விடுதி (வார்டு) என்றே பலகைகளில் எழுதுகிறோம். கலைச்சொல்லிலும் அந்த ‘அர்’ இருக்கட்டும்.

என் சிக்கல் ‘மையம்’தான். ஒருவரை நடுவில் கிடத்திச் சுற்றி நின்று எல்லோரும் பார்த்தால் அவரும் மையத்தில்தான் இருக்கிறார். காலையில் டொக்டர்மார் விடுதியைச் சுற்றி வரும்போது தினமும் நடப்பது அதுதான். இந்தத் துறை கேட்கும் கேள்வி வேறு: அவர் இருக்கும் இடத்திலிருந்து கட்டடம் எப்படித் தெரிகிறது, எப்படிக் குளிர்கிறது, என்ன சத்தம் போடுகிறது?

பின்லாந்தின் பைமியோவில் 1933இல் கட்டி முடிந்த காசநோய் வைத்தியசாலையை கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்ட்டோ இந்தக் கேள்வியோடுதான் வரைந்தார். நாளெல்லாம் மல்லாந்து கிடப்பவர் பார்ப்பது உட்கூரையைத்தான் என்று அதற்குக் கடும்பச்சை பூசினார். விளக்கைக் கண்ணில் குத்தாத இடத்துக்கு மாற்றினார். பக்கத்துக் கட்டில்காரரின் தூக்கம் கெடக்கூடாதென்று, தண்ணீர் சரிவில் விழுந்து ஓசையின்றி ஓடும்படி கைகழுவும் தொட்டியை வடித்தார்.

மருத்துவமனைச் சூழலை ஆராய்ந்த ரோஜர் அல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வைப் பலர் அறிவீர்கள். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டார். ஜன்னல்வழி மரம் தெரிந்தவர்கள், செங்கற்சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள்; கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தது. எங்களுக்கு மலையும் மரமும் இலவசம். ஆனால் என் அம்மா பத்து நாள் கிடந்த விடுதியில் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பார்க்கப் போய் நின்ற எனக்கு எதிர்மலை முழுக்கத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிந்தவை பெயின்டும் ட்யூப் லைட்டும்.

கட்டிலில் கிடப்பவரோடு இது முடியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும். (பேர் என்பது எங்கள் பக்கத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு, அரைப்பேரும் உண்டு.) விடியுமுன் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) இறங்கி, பஸ் பிடித்து, நனைந்த கம்பளியோடு வந்து நம்பர் எடுப்பவருக்கு அந்தக் கம்பளியைத் தொங்கவிட ஓர் ஆணி உண்டா? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பு வெயிலுக்கு வரைந்த திறந்த மண்டபத்தை அப்படியே இங்கே தூக்கி வைத்தால், அங்கே சுகமாக வீசிய காற்று இங்கே மார்புச்சளியாக இறங்கும்.

> ‘உற்றவர் நல வடிவமைப்பு’ எப்படி? குறள் 950இல் ‘உற்றவன்’ என்றால் நோயாளிதானே.

அக்கா, சொல் அழகு. மருத்துவத்தின் நான்கு கூறுகளில் நோயுற்றவரை முதலில் வைத்த குறள் அது. பக்கத்தில் நின்று பணிவிடை செய்யும் உழைச்செல்வானையும் அது மறக்கவில்லை. ஆனால் இன்று உற்றவர் என்றால் சொந்தக்காரர். ‘உற்றவர் அறை’ என்று பலகை மாட்டினால் கூட வந்தவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

என் முன்மொழிவு ‘நோயாளர் நோக்கு வடிவமைப்பு’. ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ (கணினித்துறையின் ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்’) போல இதையும் ‘நோயாளரை நோக்கி’ என்று படிக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். அதனால்தான் ஒட்டாமல் பிரித்து எழுதுகிறேன். நோயாளரது நோக்கு; ஆறாம் வேற்றுமைத் தொகை.

விடுதிக்கு மட்டும் இன்னொரு சொல் ஆசைப்படுகிறேன்: ‘கிடைநோக்கு’. எழ முடியாதவர் கிடையாய்க் கிடக்கிறார் என்கிறோம். பள்ளிக் கணிதத்தில் நிலைக்குத்துக்கு மறுதலை கிடை. ஆல்ட்டோ பார்த்த பார்வை இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

ஹட்டனிலிருந்து

——

> ஐயா, ‘நோயாளர் நோக்கு’ எனக்குச் சம்மதம். ஆனால் மதுரைப் பக்கம் கிடை என்றால் ஆட்டுக்கிடை! வயலில் ஆடுகளை அடைத்துப் போடுவது. மருத்துவமனைக்கு அந்தச் சொல் வேண்டாமே.

தம்பி, ஒரு கட்டிலுக்கு இருவராகக் கிடக்கும் நாளில் எங்கள் விடுதிப் பக்கம் வந்து பாருங்கள், அந்தப் பொருளும் பிழையாகப் படாது. என்றாலும் நீங்கள் சொல்வது நியாயம். இரண்டு நாட்டுக்கும் பொதுவான பட்டியல் இது. ஐயா, ‘நோயாளர் நோக்கு வடிவமைப்பு’ ஏறட்டும். ‘கிடைநோக்கு’க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.