ஜெனோவா: அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பாவுக்கு கப்பல் பைத்தியம். போகலாமா, இல்ல நேரா சிங்க்வே தெர்ரேவா?

மிலான்_மச்சான்

வணக்கம் மக்களே. அக்டோபர் கடைசியில அம்மா அப்பா மிலானுக்கு எங்கிட்ட வர்றாங்க. ரோம், ப்ளாரன்ஸ், வெனிஸ் எல்லாம் முன்னாடியே ஒரு பேக்கேஜ் டூர்ல பாத்தாச்சு, கொடி பிடிச்சவன் பின்னாடியே ஓடி ஓடி எதுவும் மனசுல நிக்கலன்னு அம்மா இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, அதனால இந்த தடவை ஒரே ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கி நிதானமா சுத்தலாம்னு ஐடியா. கடல் கண்டிப்பா வேணும். அப்பா துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர், கிரேன் ஒண்ணு அசைஞ்சா போதும் அங்கயே நின்னுடுவார். அம்மா சமதரைல எவ்ளோ நேரம் வேணும்னாலும் நடப்பாங்க, படியைப் பாத்தா மட்டும் முகம் மாறிடும். ரெண்டு பேரும் சைவம், முட்டை கூட கிடையாது.

ஆபீஸ்ல கேட்டா ஜெனோவாவா, அது அழுக்கு துறைமுகம், கடலோரமா அஞ்சு கிராமம் இருக்கே சிங்க்வே தெர்ரேன்னு, அங்க போன்னு ஒரே குரல்ல சொல்றானுங்க. மேப்ல பாத்தா ஜெனோவா முழுக்க மலையா வேற இருக்கு. போனவங்க யாராச்சும் உண்மையைச் சொல்லுங்கப்பா.

உப்புக்காத்து

இந்த ஊர்ல கொஞ்ச வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன் தம்பி, அதனால கொஞ்சம் பாரபட்சமா தான் பேசுவேன், முதல்லயே சொல்லிடறேன்.

மூட்டுவலிக்கு சிங்க்வே தெர்ரே தான் கஷ்டம், ஜெனோவா இல்ல. அங்க கொர்னீலியா ஸ்டேஷன்ல இறங்கினா ஊருக்கு ஏற 370க்கு மேல படி, மினி பஸ் இருக்கு ஆனா கூட்டம். மத்த கிராமத்துலயும் கடல்கிட்ட இருந்து ரெண்டு தெரு தள்ளினா படிதான். ஜெனோவாவும் மலை ஊர்தான், ஆனா இவங்க நூறு வருஷத்துக்கு மேலயே மலைக்குள்ள லிஃப்ட் குடைஞ்சு வச்சுட்டாங்க. பஸ் ஏறற மாதிரி லிஃப்ட்ல ஏறி வீட்டுக்குப் போவாங்க, காய்கறிப் பையோட பாட்டிங்க நின்னுட்டு இருப்பாங்க.

போர்த்தெல்லோ சதுக்கத்துல ஒரு சுரங்கப்பாதை மாதிரி வாசல் இருக்கும், ஓடு பதிச்ச சுவர், உள்ள நடந்து போனா கடைசில லிஃப்ட். கதவு திறந்தா காஸ்தெல்லெத்தோ. மொத்த பழைய ஊரும் கீழ, சாம்பல் நிற ஸ்லேட் கூரை, அதுக்கு மேல ஆளாளுக்கு கட்டிவச்ச மொட்டைமாடி, அதுக்கு அப்புறம் கிரேனு, கப்பலு, கடலு. அப்பாவை அங்க பெஞ்சுல உக்கார வச்சுட்டு நீங்க காபி குடிச்சுட்டே வரலாம், தேட மாட்டார். சாயங்காலம் போங்க.

இன்னொரு லிஃப்ட் இதைவிட வேடிக்கை. பிரிஞ்சிபே ஸ்டேஷன் பக்கத்துல பல்பி தெருவுல இருந்து கிளம்பும், முதல்ல ரயில் பெட்டி மாதிரி மலைக்குள்ள படுக்கை வாக்குல போகும், அப்புறம் அதே பெட்டி அப்படியே செங்குத்தா மேல ஏறும். மேல தல்பெர்த்திஸ்னு ஒரு கப்பல் கேப்டன் தனக்குன்னு கட்டிக்கிட்ட கோட்டை வீடு, இப்போ மியூசியம். அதுக்குள்ள போகலன்னா கூட பரவால்ல, அந்தப் பெட்டில ஏறவே ஒரு தடவை போகலாம்.

ஹோட்டல் மட்டும் பிரிஞ்சிபே ஸ்டேஷன் பக்கமோ பிரிஞோலே ஸ்டேஷன் பக்கமோ கீழ போடுங்க. வாடகை கம்மியா இருக்கேன்னு மலைமேல போட்டுட்டா தெருப்பேர்ல "சாலீத்தா"ன்னு வரும், அந்தப் பேர் வந்தாலே ஏத்தம்னு அர்த்தம், அப்புறம் அம்மா உங்களை சும்மா விட மாட்டாங்க.

ரோமிங்_ராஜா

நான் மாத்தி சொல்றேன், யாரும் அடிக்க வராதீங்க. காலைல மிலான்ல இருந்து வந்து ராத்திரி திரும்பினேன், எனக்கு ஜெனோவா பிடிக்கல. ஸ்டேஷன்ல இறங்கி ப்ரே தெரு வழியா நடந்தா வெயிலே கீழ விழல, மூத்திர நாத்தம், வாசல்ல ஆளுங்க நின்னு உத்துப் பாக்கறாங்க. துறைமுகத்துக்கு வந்தா கடலுக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு ஃப்ளைஓவர். இத்தாலிக்கு வந்து ஃப்ளைஓவரா பாக்கணும்? சிங்க்வே தெர்ரேல வெர்னாட்ஸா, மனரோலா போனா போட்டோ எடுத்த எடுப்புலயே வால்பேப்பர் மாதிரி வரும். அம்மாவை போட்ல கூட்டிட்டுப் போங்க, ஏறி இறங்கத் தேவையில்ல.

உப்புக்காத்து

ஃப்ளைஓவர் விஷயத்துல ராஜா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. 60கள்ல கட்டினது, ஊர்க்காரங்களே இடிக்கலாமா வேணாமான்னு இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க. ஆனா கார்ல அது மேல போனா ஒரு பக்கம் அரண்மனை மாடி, ஒரு பக்கம் கப்பல், அதைவிட நல்ல வியூ ஊர்லயே கிடையாது, என்ன பண்றது.

சந்து விஷயம்: கரூஜின்னு சொல்ற அந்த சந்துங்களை பகல்ல நடங்க, கடை திறந்திருக்கும்போது ஒரு பயமும் இல்ல. ப்ரே தெரு, மத்தலேனா பக்கம் ராத்திரி அம்மா அப்பாவோட வேணாம். பை முன்பக்கமா மாட்டிக்கோங்க. அப்புறம் ராஜா, படகுல போறது சரி, ஆனா அக்டோபர் கடைசில கடல் கொஞ்சம் எழும்பினாலும் அந்த படகை நிறுத்திடுவாங்க, அதை நம்பி பிளான் போட முடியாது.

வித்யா_தோரினோ

ராஜா அண்ணா போன வழி தப்புன்னு நினைக்கிறேன், ஸ்டேஷன்ல இருந்து ப்ரே தெருவுல இறங்காம பல்பி வழியா கரிபால்டி தெருவுக்குப் போயிருந்தா வேற ஊர்லன்னு நினைச்சிருப்பீங்க. அந்த தெரு முழுக்க சமதரை, வண்டி கிடையாது, ரெண்டு பக்கமும் அரண்மனை தான். இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜெனோவா குடியரசா இருந்ததால ராஜா கிடையாது, வெளிநாட்டு ராஜாவோ கர்தினாலோ வந்தா தங்க வைக்க அரசு அரண்மனையும் இல்ல. அதனால 1576ல இருந்து பணக்காரங்க வீட்டையெல்லாம் தரம் பிரிச்சு லிஸ்ட் போட்டு, யார் வீட்ல விருந்தாளி தங்கறதுன்னு குலுக்கல்ல எடுத்திருக்காங்க. அந்த லிஸ்ட்டுக்குப் பேர்தான் ரோல்லி. அதுல 42 மாளிகை 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. பெரிய ஓவியர் ரூபென்ஸ் இந்த வீடுங்களைப் பாத்து அசந்துபோய் பிளான் எல்லாம் வரைஞ்சு 1622ல புத்தகமாவே போட்டுட்டார். வருஷத்துல சில நாள், வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும், ரோல்லி நாட்கள்னு பல வீடுகளை ஓசியில திறந்து விடுவாங்க, உங்க தேதியோட ஒத்துப்போகுதான்னு பாத்துக்கோங்க.

அந்த தெருவுல மியூசியமா இருக்க ரொஸ்ஸோ, பியாங்கோ, தூர்சி மூணு மாளிகைக்கும் ஒரே டிக்கெட். திங்கக்கிழமை போயி மூடின கதவைப் பாக்காதீங்க. தூர்சில வயலின் மேதை பகனீனி வாசிச்ச வயலின் இருக்கு, 1743ல குவர்னேரி பண்ணது, சத்தம் பெருசா இருந்ததால அவர் அதுக்கு பீரங்கின்னு பேர் வச்சிருந்தார், சாகும்போது ஊருக்கே எழுதி வச்சுட்டார்.

இப்போ அப்பாவுக்கு. பழைய துறைமுகத்துக்கு எதிர்ல சுவர் முழுக்க படம் வரைஞ்ச ஒரு கட்டடம், சான் ஜோர்ஜோ மாளிகை. 1260ல கட்ட ஆரம்பிச்சது, உலகத்தோட ரொம்பப் பழைய பேங்குகள்ல ஒண்ணு அங்கதான் நடந்துச்சு, இப்போ துறைமுக நிர்வாகத்தோட ஆபீஸ். ஆனா நமக்கு முக்கியம் வேற. மார்கோ போலோவை ஜெனோவாக்காரங்க பிடிச்சு அடைச்சு வச்சது இங்கதான்னு ஊர்ல சொல்வாங்க. 1298 வாக்குல இந்த ஊர் ஜெயில்ல கூட இருந்த பீசாக்காரர் ஒருத்தர்கிட்ட சொல்லச் சொல்ல அவர் எழுதினது தான் அந்த பயணக்கதை. அதுல நம்ம காயல் துறைமுகம், முத்துக்குளிப்பு, பாண்டியர்கள் அரபுக் குதிரைக்கு கொட்டின காசு, அந்தக் குதிரைங்களை சரியா பராமரிக்க ஆள் இல்லாம செத்துப்போனது எல்லாம் வருது. பாண்டிநாட்டைப் பத்தி ஒரு வெனிஸ்காரன் வாயைத் திறந்தது இந்த ஊர் ஜெயில்லன்னு அப்பாகிட்ட சொல்லிப் பாருங்க, ஃப்ளைஓவர் கண்ணுக்கே தெரியாது.

பக்கத்துலயே சான் லொரென்ஸோ கதீட்ரல், கறுப்பு வெள்ளை வரி வரியா இருக்கும். உள்ள வலது பக்க நடையில ஆள் உயரத்துக்கு ஒரு குண்டை நிறுத்தி வச்சிருப்பாங்க. 1941 பிப்ரவரி 9ஆம் தேதி பிரிட்டிஷ் விமானம் போட்டது, வெடிக்கல.

உப்புக்காத்து

வித்யா, விமானம் இல்லம்மா, கப்பல். கடல்ல நின்னுட்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்டது, 381 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு. சுவரைத் துளைச்சுட்டு வந்து வெடிக்காம கிடந்துச்சு. மச்சான் அப்பாவுக்கு இந்த வித்தியாசம் முக்கியம், தப்பா சொன்னா நிறுத்தி திருத்துவார் பாருங்க.

கொலம்பஸ் வீட்டுக்கு மட்டும் க்யூல நிக்காதீங்க. அசல் வீடு 1684ல பிரெஞ்சுக்காரன் குண்டு போட்டதுல போச்சு, இப்போ நிக்கிறது அப்புறம் கட்டினது. பக்கத்துல இருக்க சொப்ரானா கோட்டை வாசலைப் பாத்துட்டு நகந்துடுங்க.

கடலைமாவு_ரசிகை

சாப்பாடு யாரும் சொல்லல, நான் சொல்றேன், ஏன்னா முட்டை கூட இல்லாத சைவம்னா இத்தாலில இதைவிட நல்ல ஊர் கம்மி.

ஃபரினாத்தா. கடலைமாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, வேற ஒண்ணும் கிடையாது. பெரிய செம்புத் தட்டுல ஊத்தி விறகு அடுப்புக்குள்ள தள்ளுவாங்க, மேல பொன்னிறமா மொறுமொறுன்னு, உள்ள களி பதத்துல வரும். நாம மிளகுப்பொடி தூவி சாப்பிட்டா வீட்டு ஞாபகம் வரும். ஒரே எச்சரிக்கை, சாதா ஃபரினாத்தான்னு கேளுங்க, பியாங்கெத்தின்னு எழுதியிருந்தா குட்டி மீன் போட்டது.

ஃபொகாச்சா ரொட்டி காலைல வாங்குங்க, சூடா, விரல் அமுக்கின குழில எண்ணெய் தேங்கி நிக்கும். ஊர்க்காரங்க அதை கப்புச்சினோவுல முக்கி சாப்பிடுவாங்க, உப்பும் எண்ணெயும் காபில மிதக்கும், அம்மா மூஞ்சியை சுளிப்பாங்க, ஆனா அப்பாக்கள் இதுக்கெல்லாம் ரெடியா இருப்பாங்க. ஜெனோவா ஃபொகாச்சா ஆலிவ் எண்ணெய்ல தான் பண்றது, இருந்தாலும் "ஸ்த்ருத்தோ" இருக்கான்னு கேட்டுக்கோங்க, அது பன்னிக்கொழுப்பு.

பெஸ்தோ சாஸ் தான் சிக்கல். பாசில் இலை, பூண்டு, பைன் கொட்டை எல்லாம் ஓகே, ஆனா பார்மிஜானோ, பெக்கொரீனோ ரெண்டு சீஸும் உள்ள அரைச்சது. அந்த சீஸ்ல பாலைத் திரிக்கப் போடுற ரென்னெட் கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கறது. உங்க வீட்ல இது பரவால்லன்னா த்ரோஃபியே பாஸ்தா கேளுங்க, அதுல முட்டை சேராது. பன்சோத்தின்னு உள்ள அடைச்சு வர்ற பாஸ்தால சேரும், வேணாம். அப்புறம் சோத்தோரீபா வளைவுங்களுக்கு கீழ பொரிச்சு விக்கற கடைல பனீஸ்ஸான்னு கடலைமாவு துண்டு பொரிச்சுத் தருவாங்க, வாசனை தூக்கும், ஆனா பக்கத்துலயே கணவாய் பொரிஞ்சுட்டு இருக்கும், ஒரே எண்ணெய். கேட்டுட்டு வாங்குங்க.

மதியம் ரெண்டரைக்கு மேல ஓட்டல் அடுப்பை அணைச்சுடுவாங்க, திரும்ப ராத்திரி ஏழு ஏழரைக்குத் தான். பில்லுல கொபெர்த்தோன்னு தலைக்கு ரெண்டு மூணு யூரோ போட்டிருந்தா ஏமாத்தறான்னு சண்டைக்குப் போகாதீங்க, உக்காந்ததுக்கு வாங்கறது, மெனுவுலயே இருக்கும்.

மிலான்_மச்சான்

அடேங்கப்பா, இவ்ளோ எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. ஜெனோவா தான்னு முடிவு பண்ணியாச்சு, மார்கோ போலோ விஷயத்தை அப்பாகிட்ட போன்ல சொன்னேன், காயலா காயலான்னு ரெண்டு தடவை கேட்டார். இன்னும் ரெண்டு டவுட்டு. கப்பல் மியூசியத்துல நீர்மூழ்கிக் கப்பல் இருக்காமே, அம்மா ஏற முடியுமா? லந்தெர்னா கலங்கரை விளக்கம் மேல போகலாமா? அப்புறம் அக்டோபர் கடைசி மழை எப்படி?

உப்புக்காத்து

கலாத்தா தான் அந்த கப்பல் மியூசியம், அதுக்கு அரை நாள் ஒதுக்கு. உள்ள 17ஆம் நூற்றாண்டு துடுப்புக் கப்பலை முழு அளவுல செஞ்சு வச்சிருக்காங்க, மேல இங்கிருந்து அமெரிக்காவுக்கு பொழப்பு தேடிப் போன இத்தாலிக்காரங்களைப் பத்தி ஒரு பகுதி, அது அம்மாவுக்கும் பிடிக்கும். லிஃப்ட் இருக்கு. நசாரியோ சவ்ரோ நீர்மூழ்கி வெளில தண்ணிலயே கட்டி நிக்கும், உள்ள வட்ட ஓட்டை வழியா காலைத் தூக்கி வச்சு குனிஞ்சு நுழையணும், அம்மா வேணாம். அப்பா போகட்டும், அம்மாவோட நீ கரைல உக்காரு.

லந்தெர்னா 77 மீட்டர், இப்போ நிக்கிறது 1543ல கட்டினது. மேல ஏற 172 படி, அதுவும் முதல் மாடம் வரைக்கும் தான். துறைமுகத்தைச் சுத்திக் காட்டற படகு பழைய துறைமுகத்துல இருந்து கிளம்பும், அதுல போனா கலங்கரை விளக்கமும் தெரியும், கன்டெய்னர் கப்பல் பக்கத்துலயும் போகலாம். அப்பாவுக்கு அரண்மனை எல்லாத்தையும் விட இதான் பிடிக்கும், எழுதி வச்சுக்கோ.

அம்மாவுக்குன்னு ஒரு அரை நாள் நேர்வி. லோக்கல் ரயில்ல போயிடலாம், ஸ்டேஷனை விட்டு இறங்கினா கடலை ஒட்டியே ரெண்டு கிலோமீட்டருக்கு நடைபாதை, ஒரு பக்கம் பாறைல அலை அடிக்கும், அங்கங்க பெஞ்சு. பேப்பர் டிக்கெட்னா ஏறறதுக்கு முன்னாடி மெஷின்ல குத்திக்கோங்க.

மழை தான் உண்மையான ரிஸ்க். பின்னாடி மலை, முன்னாடி சூடான கடல், நடுவுல ஊர், ஓடைங்களை மேல மூடி ரோடு போட்டுட்டாங்க. 2011 நவம்பர்லயும் 2014 அக்டோபர்லயும் வெள்ளம் வந்து உயிர் போயிருக்கு. அதனால மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை விடுவாங்க. மஞ்சள்னா குடையோட சுத்தலாம். சிவப்புன்னா ஸ்கூல், பார்க், மியூசியம் எல்லாம் மூடிடுவாங்க, அன்னைக்கு ரயில் ஏறவே ஏறாத. கேன்சல் பண்ணா காசு திரும்பக் கிடைக்கற ரூமா போடு.

வித்யா_தோரினோ

குண்டு விஷயத்துக்கு நன்றி அண்ணா, இத்தனை நாளா விமானம்னே சொல்லிட்டு திரிஞ்சிருக்கேன்.

மச்சான், நேரம் மிஞ்சினா ஸ்தலியேனோ கல்லறைத் தோட்டம். சுடுகாட்டுக்கா கூட்டிட்டுப் போறன்னு அம்மா கேப்பாங்க, கூட்டிட்டுப் போங்க. கீழ் மண்டபம் சமதரை தான். அங்க கத்தெரீனா கம்பொதோனிக்கோன்னு ஒரு பாட்டி சிலை இருக்கு. திருவிழாவுல கொட்டையை மாலையா கோர்த்து வித்து பொழச்ச அம்மா, வாழ்நாள் பூரா சேத்த காசுல உயிரோட இருக்கும்போதே, 1881ல, பிரபுக்களுக்கு சிலை செதுக்கற சிற்பியைப் பிடிச்சு தனக்கும் சிலை வைக்க வச்சுட்டாங்க. ஜரிகை சால்வை, பாவாடை மடிப்பு, கையில அந்த கொட்டை மாலை, எல்லாம் கல்லுல. பிரிஞோலே பக்கத்துல இருந்து பஸ் போகுது, மதியத்துக்கு முன்னாடியே போயிடுங்க.

ரோமிங்_ராஜா

இவ்ளோ இருக்குன்னு எவன்டா அப்போ சொன்னான். மச்சான், நீ எந்த தேதின்னு இன்பாக்ஸ்ல போடு, அந்த படுக்கை லிஃப்ட்டுக்காகவாச்சும் நானும் வர்றேன். சிங்க்வே தெர்ரே போட்டோ நல்லா வரும்ங்கறதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.