மசாலா பவுச்சுக்கு லேமினேஷன் யூனிட்: 300 கிலோ ஆர்டரை நம்பி இறங்கலாமா?

பெருந்துறை_பேக் கேட்டது:

வணக்கம். ஈரோடு, சென்னிமலை, காங்கேயம் வட்டாரத்தில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், குழம்புத்தூள் போடும் சின்ன பிராண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. எல்லோருக்கும் அச்சடித்த பவுச் வேண்டும். ஆனால் ஒரு டிசைனுக்கு 300 கிலோவுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். பெரிய கன்வெர்ட்டர்கள் (ஃபிலிமைப் பவுச்சாக மாற்றித் தரும் ஆலைகள்) இந்த ஆர்டரைத் தொடுவதில்லை. பிரிண்டிங்கை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிட்டு, சால்வென்ட்லெஸ் லேமினேஷன் (கரைப்பான் இல்லாத பசையால் ஃபிலிம்களை ஒட்டுவது), ஸ்லிட்டிங் (ரோலை அகலவாக்கில் வெட்டுவது), பவுச்சிங் மூன்றையும் நாமே போடலாம் என்று யோசனை. இந்தக் கிராக்கி நிலைக்குமா? 12 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர்), 12 மெட்பெட் (உலோகப் பூச்சுள்ள பெட்), 40 பாலி (பாலிஎதிலீன்) என்ற வழக்கமான மூன்று லேயரிலேயே போகலாமா, இல்லை இப்போது எல்லோரும் பேசும் மோனோ மெட்டீரியலுக்கு (எல்லா லேயரும் ஒரே வகைப் பிளாஸ்டிக்) ஏற்ற மாதிரி மெஷின் எடுக்கணுமா?

கிராவூர்_கந்தன்:

கிராக்கி பற்றிக் கவலை வேண்டாம். இந்தியாவில் இந்தத் தொழிலை வளர்த்ததே சின்னப் பொட்டலம்தான். கடலூரில் சின்னிகிருஷ்ணன் ஆரம்பித்து வைத்த ஷாம்பு சாஷே, பிறகு சிக் ஷாம்பு என்று தொடங்கி, பாட்டில் வாங்க முடியாதவரும் பிராண்ட் வாங்கினார். 5 ரூபாய், 10 ரூபாய் என்று விலையைப் பூட்டி வைத்திருப்பதால் சரக்கு விலை ஏறினால் எடை குறையும். பவுச் எண்ணிக்கை குறையாது. பிஓபிபி (இழுத்துத் தயாரித்த பாலிப்ரொப்பிலீன்), பெட் ஃபிலிம் இரண்டும் உள்நாட்டிலேயே தாராளமாக ஓடுவதால் மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. சட்டம் மாறினால் ஒரு பிரிவே காணாமல் போகும் என்பதையும் மறக்காதீர்கள்: 2011-இல் குட்காவுக்கு பிளாஸ்டிக் சாஷே கூடாது என்று வந்ததும் அதை மட்டுமே நம்பி ஓடிய லைன்கள் நின்றன.

உங்கள் உண்மையான சிக்கல் கிராக்கி இல்லை, 300 கிலோ. கணக்கைப் பாருங்கள்.

100 கிராம் பவுச், 110 x 160 மி.மீ, சென்டர் சீல் (பின்பக்கம் நடுவில் ஒட்டும்) ரோல். அகலம்: 110-இன் இரு மடங்கு, அதோடு பின்சீலுக்கு 20, ஆக 240 மி.மீ. நாலு வரிசை 960, ஓரம் 10 + 10, ஆக ஃபிலிம் 980 மி.மீ. பிரிண்டிங் சிலிண்டர் சுற்றளவு 160 x 3 = 480. ஒரு சுற்றில் 12 பவுச்.

எடை: பெட் அடர்த்தி 1.4, 12 மைக்ரானுக்கு 16.8 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). மெட்பெட்டும் அதே. பாலி 0.92 x 40 = 36.8. பசை இரண்டு பாஸுக்கு (இரண்டு முறை ஒட்டுவதற்கு) 3, மை 2. மொத்தம் 75.4 ஜிஎஸ்எம். 300 கிலோ என்றால் சுமார் 4,060 மீட்டர், ஏறக்குறைய ஒரு லட்சம் பவுச்.

ஆறு கலர் ரெஜிஸ்டர் உட்கார (கலர்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்த) 300 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் அது 7 சதவீதத்துக்கு மேல். அதே 300 மீட்டர், 1,000 கிலோ ஆர்டரில் 2 சதவீதம் சொச்சம்தான். பெரியவர்கள் தொடாததற்குக் காரணம் இதுதான், திமிர் இல்லை. அங்கே வீணாவது பிரிண்ட் பெட் மட்டும் என்றாலும், லேமினேஷன் தொடக்கம், ஸ்லிட்டிங் ஓரம், பவுச்சிங் செட்டிங் எல்லாம் உங்கள் தலையில் மூன்று லேயராக விழும்.

வழி: ஒரே அளவுப் பவுச் வைத்திருக்கும் இரண்டு மூன்று பிராண்டுகளைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் அடியுங்கள். அளவை நீங்கள் முடிவு செய்யுங்கள், வாடிக்கையாளர் அல்ல. சிலிண்டர் யாருடைய சொத்து, அதற்கு மறுபடி குரோம் பூசும் செலவு யாருடையது என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். 20,000 பவுச்சுக்குக் கீழே கேட்பவரை டிஜிட்டல் பிரிண்டுக்கோ, பிளெயின் பவுச் + ஸ்டிக்கருக்கோ அனுப்பிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

மைக்ரான்:

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கணும். கிலோ கணக்கில் விற்கிறீர்கள் என்றால் மைக்ரான்தான் காசு. த்ரீ சைடு சீல் 110 x 160 பவுச் இரு பக்கமும் சேர்த்து 0.0352 சதுர மீட்டர். 75.4 ஜிஎஸ்எம்மில் கிலோவுக்கு 377 பவுச். பாலி 35 மைக்ரான் ஆனால் 401. பாலி வாங்கும்போது ரோலின் அகலம் முழுக்கப் பத்து இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். நடுவில் 38, ஓரத்தில் 44 என்று வந்தால் கணக்கு மட்டும் இல்லை, ரோல் சுற்றும்போது ஓரம் தடித்து ஃபிலிம் இழுபடும்.

பெருந்துறை_பேக்:

நன்றி. பிராண்டுகாரர்கள் சொல்லும் புகார் மூன்று: மிளகாய்த்தூள் பவுச்சில் இரண்டு மாதத்தில் லேயர் பிரிகிறது, திறந்தால் மை வாடை அடிக்கிறது, மேல் சீலில் தூள் கசிகிறது. இதையெல்லாம் லேமினேஷனில் சரிசெய்ய முடியுமா?

ஹாட்ரூம்:

முதல் இரண்டும் பெரும்பாலும் லேமினேஷன் பக்கம்தான். மூன்றாவது பாதி உங்களுடையது, பாதி பேக்கிங் மெஷினுடையது.

லேயர் பிரிவது. மிளகாய், மல்லி, கரம் மசாலாவில் இருக்கும் எண்ணெய் பாலியைக் கடந்து பசையைத் தாக்கும். பொதுப் பயன்பாட்டுப் பசை தாங்காது. மசாலாவுக்கு உகந்தது என்று சப்ளையர் எழுத்தில் தரும் கிரேடு கேளுங்கள். சால்வென்ட்லெஸ்ஸில் அதைவிடப் பெரிய வில்லன் மிக்ஸிங் விகிதம். பசை, ஹார்ட்னர் (அதை இறுகவைக்கும் இன்னொரு பாகம்) பம்ப் இரண்டையும் தனித்தனிக் கப்பில் 30 விநாடி ஓடவிட்டு எடை போட்டுப் பாருங்கள். ஷிப்ட் தொடங்கும் முன் ஒருமுறை, டிரம் மாற்றினால் ஒருமுறை. விகிதம் தவறினால் பசை எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுவென்றே இருக்கலாம். மழைக்காலத்தில் டிரம்மைத் திறந்து வைத்தால் அதிலுள்ள ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். லேமினேட்டில் பொடிப்பொடியாகக் குமிழ் தெரியும்.

பாலியின் ட்ரீட்மென்ட் பக்கம் (பசை பிடிக்கப் பதப்படுத்திய பக்கம்), அந்தப் பிடிப்பை அளக்கும் டைன் கணக்கில் 38-க்குக் குறையக்கூடாது. வாங்கும்போது இருந்தது குடோனில் இறங்கிவிடும், ஸ்லிப் (வழுக்கவைக்கும் சேர்மம்) அதிகம் போட்ட பாலியில் இன்னும் வேகமாக. ஓட்டும் முன் டைன் பேனா வையுங்கள்.

ஹாட் ரூம் (பசை இறுக ரோலை வைக்கும் சூடான அறை) 40-45 டிகிரி, 24 முதல் 48 மணி நேரம். ஆர்டர் அவசரம் என்று எட்டு மணி நேரத்தில் ஸ்லிட்டிங் போட்டால் டனலிங் (ஒரு லேயர் மேலெழும்பிச் சுரங்கம் போல மடிவது) வரும், அதோடு பிரியும். சால்வென்ட்லெஸ் பசைக்குத் தொடக்கப் பிடிப்பு மிகக் குறைவு, எனவே டென்ஷன் சமநிலை முக்கியம். லேமினேட் நடுவில் பிளேடால் பெருக்கல் குறி போட்டுப் பாருங்கள்: முனைகள் பாலி பக்கம் சுருண்டால் பாலியை அதிகமாக இழுத்திருக்கிறீர்கள்.

முழுசாகக் க்யூர் ஆன (பசை இறுகிய) பிறகு 15 மி.மீ பட்டை வெட்டிப் பிரித்துப் பாருங்கள். ஃபிலிம் கிழிந்தால் நல்லது. மெட்டல் உரிந்து பாலியோடு போனால் தவறு மெட்பெட்டில், பசையில் அல்ல. மை பிரிந்து வந்தால் பிரிண்டரிடம் போங்கள்.

வாடை. சால்வென்ட்லெஸ் மெஷினில் உலர்த்தும் டனல் கிடையாது. பிரிண்டிங்கில் மிச்சமிருக்கும் சால்வென்ட் அப்படியே உள்ளே பூட்டிக்கொள்ளும். எனவே பிரிண்ட் ரோல் வாங்கும்போதே மீந்த சால்வென்ட்டுக்கு கேஸ் குரோமட்டோகிராப் ரிப்போர்ட் கேளுங்கள். கைவசம் ஒரு சோதனை: ஒரு சதுர அடித் துண்டை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு ஓவனில் 60 டிகிரியில் அரைமணி வைத்து மோந்து பார்ப்பது. உணவுப் பொட்டல மை ஐஎஸ் 15495 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. அந்தத் தரத்தின் 2020 திருத்தத்தில் டொலுயீன் கூடாது. மலிவு மை என்றால் முதலில் இதைத்தான் விசாரிக்கணும்.

கசிவு. தூள் சீல் நடுவில் சிக்குகிறது. பாலியில் மெட்டலோசீன் எல்எல்டிபிஇ (குறைந்த சூட்டிலேயே நன்றாக ஒட்டும் ஒருவகைப் பாலி) கலந்த கிரேடு தூள் இருந்தாலும் ஓரளவு ஒட்டும். பின்சீல் மேல்சீலைச் சந்திக்கும் இடத்தில் அடுக்கு இரட்டிப்பாவதால் பக்கத்தில் ஊசித்துளை விழும். 35 மைக்ரானுக்கு இறங்கினால் இது கூடும். தூள் நிரப்பும் ஆகர் ஃபில்லரின் சொட்டலை நிறுத்துவது பிராண்டுகாரர் வேலை, அதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: மஞ்சள்தூள் வெளிச்சத்தில் வெளுக்கும். உள்ளே தெரிகிற மாதிரி விண்டோ வேண்டும் என்று கேட்டால் நிறம் போவதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று எழுதி வாங்கிக்கொண்டு பண்ணுங்கள்.

வகை_இரண்டு:

மோனோ பற்றி. பெட் உருகுவது 250 டிகிரிக்கு மேல், பாலி 110-125. அந்த இடைவெளியில்தான் பேக்கிங் மெஷின் ஆபரேட்டர் பிழைக்கிறார். சூடு கொஞ்சம் கூடினாலும் வெளி லேயர் தாங்கும். வெளியும் பாலி, உள்ளும் பாலி என்றால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஊர்ப்பக்கம் ஓடும் பழைய மெஷின்களில் சீல் போடும் ஜாவில் ஒட்டிக்கொள்ளும், வேகத்தைக் குறைக்கணும். சின்ன மசாலா பிராண்டுக்கு இப்போதே அதைத் தள்ளுவது அவர் தலையில் கல்லைப் போடுவது. பிபி (பாலிப்ரொப்பிலீன்) வழி எளிது: வெளியே பிஓபிபி, உள்ளே மெட் சிபிபி (உலோகப் பூச்சுள்ள, இழுக்காத பிபி ஃபிலிம்). இரண்டே லேயர், ஒரே பாஸ், மறுசுழற்சிக்கு ஒரே குடும்பம். ஆனால் ஆக்சிஜன் தடுப்பில் மெட்பெட் அளவுக்கு வராது. ஆறு மாத ஆயுள் கேட்கும் சரக்குக்குச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஈபிஆர் (பிளாஸ்டிக் கழிவுக்கு உற்பத்தியாளர் ஏற்கவேண்டிய பொறுப்பு) கணக்கில் பிளாஸ்டிக் மட்டும் சேர்ந்த ஃப்ளெக்ஸிபிள் எல்லாம் இரண்டாம் வகை. அலுமினியம் ஃபாயிலோ காகிதமோ சேர்ந்தால் மூன்றாம் வகை. பவுச் தயாரிப்பவராக நீங்கள் பதிவு செய்தாகணும்: ஒன்றிரண்டு மாநிலங்களுக்குள் என்றால் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம், அதற்கு மேல் மத்திய வாரியம். இரண்டாம் வகைக்கு 2025-26 முதல் 10 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் சேர்க்கச் சொல்கிறது விதி. உணவுச் சட்டம் தடுக்கும் இடத்தில் மத்திய வாரியத்திடம் விலக்கு கேட்கலாம். பிராண்டுகாரர் பவுச் வாங்கும்போதே உங்கள் பதிவு எண்ணைக் கேட்பார், இல்லாவிட்டால் ஆர்டர் நகராது.

கிராவூர்_கந்தன்:

வாங்கும் வரிசை என்னைக் கேட்டால்: முதலில் ஸ்லிட்டரும் ஒரு பவுச்சிங் மெஷினும். பிரிண்டும் லேமினேஷனும் வெளியே ஓடட்டும். மாதம் எத்தனை டன் நிலையாக வருகிறது, எந்த இரண்டு அளவு அதிகம் போகிறது என்று தெரிந்த பிறகு லேமினேட்டர் எடுங்கள். எடுக்கும்போது டென்ஷன் கன்ட்ரோல் மெல்லிய பாலிக்கும் சிபிபிக்கும் இறங்கி வருமா என்று உங்கள் ரோலைக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். அவர்கள் டெமோ ரோலில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். ஹாட் ரூமுக்கு இரண்டு நாள் உற்பத்தி முழுவதும் நிற்கும் இடம் விடுங்கள், பலர் லேஅவுட்டில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.