1/72 மிக்-21: வெள்ளிப் பூச்சில் இணைப்புக்கோடு மீண்டும் தெரிகிறது

முக்கோணச்சிறகு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை மூன்று போர் விமான மாதிரிகளைக் கட்டியிருக்கிறேன். மூன்றும் உருமறைப்பு வண்ணத்தில் அமைந்தவை என்பதால், என் கைவேலையின் குறைகள் பச்சைக்கும் பழுப்புக்கும் இடையில் ஒளிந்துகொண்டன. நான்காவதாக, உண்மையான விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவுள்ள (1/72) மிக்-21 போர் விமானக் கிட்டை (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பை) எடுத்து, அதை உலோகத் தகடு அப்படியே மின்னும் தோற்றத்தில் முடிக்க ஆசைப்பட்டேன்.

உடற்பகுதியின் இரு பாதிகளையும் கரைப்பான் வகைப் பசையால் ஒட்டி, முதுகில் இருந்த பள்ளத்தைப் புட்டியால் நிரப்பி, அன்று மாலையே உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தபோது எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. ஒரு வாரம் கழித்து ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவியில்) வெள்ளி நிற அக்ரிலிக்கை அடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால், விமானி அறைக்குப் பின்னாலிருந்து வால் வரை இணைப்புக்கோடு மயிரிழைபோல் தெளிவாகத் தெரிகிறது. இறக்கை உடலோடு சேரும் மூலைகளில் பூச்சு மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக இருக்கிறது. போதாக்குறைக்கு, வால்பகுதியைச் சற்றுக் கருமையாகக் காட்டுவதற்காக ஒட்டிய மாஸ்கிங் டேப், எடுக்கும்போது பிரைமரையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிட்டது.

முழுவதையும் கழுவி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குவதா, பழுதான இடங்களை மட்டும் சரிசெய்வதா? டிகால்களை (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னப் படலங்களை) வெள்ளிப் பூச்சின் மீது நேரடியாக ஒட்டலாமா?

உப்புத்தாள்600 எழுதியது:

கழுவி எடுத்துவிடுங்கள். அக்ரிலிக் வண்ணம் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியும் பழைய பல் துலக்கியும் போதும். கண்ணாடிபோல் தெளிவான கேனபியை (விமானி அறையின் மூடியை) மட்டும் அதனருகே கொண்டுசெல்லாதீர்கள். ஒட்டுப்போட்ட வெள்ளிப் பூச்சு எந்த வெளிச்சத்திலும் ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

கோடு மீண்டும் தோன்றியதற்குக் காரணம் வண்ணம் அல்ல. நீங்கள் அன்று மாலையே தேய்த்ததுதான். கரைப்பான் வகைப் பசை பிளாஸ்டிக்கை ஒட்டுவதில்லை, அதை இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. இளகிய இடம் முதலில் சற்று உப்பியிருக்கும். உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவியாகி வெளியேறச் சில நாட்கள் பிடிக்கும். அது வெளியேறும்போது இணைப்பு மெல்ல உள்ளே அமுங்கும். குழாயில் வரும் சாதாரணப் புட்டியும் அதே முறையில் காய்ந்து சுருங்குகிறது. உப்பியிருந்த நிலையிலேயே நீங்கள் சமமாகத் தேய்த்துவிட்டதால், ஒரு வாரத்தில் அது பள்ளமாகிவிட்டது. ஆகவே உடற்பகுதியை ஒட்டிய பிறகு குறைந்தது ஒரு வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்து, சக்கரம், ஏவுகணை போன்ற சிறு பாகங்களில் வேலை செய்வது என் வழக்கம்.

இப்போது உள்ள பள்ளத்தை நிரப்பச் சுருங்காத பொருள் வேண்டும். நான் சூப்பர் குளூவைப் பயன்படுத்துகிறேன். ஊசிமுனையால் கோடு நெடுக விட்டு, இறுகியதும் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். இரவு முழுவதும் விட்டுவிட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். அப்போது உப்புத்தாள் பசையை விட்டுவிட்டு, இருபுறமும் உள்ள பிளாஸ்டிக்கையே அரிக்கும். 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000, 2000 என்று (எண் கூடக்கூடத் தாள் நுண்ணியதாகும்) படிப்படியாக, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தண்ணீர் தூசியையும் அடக்கும். இடையில் ஒரு படியைத் தாண்டினால், முந்தைய தாளின் கீறல்கள் வெள்ளிப் பூச்சில் அப்படியே காட்டிக்கொடுக்கும். தேய்க்கும்போது அழிந்துபோகும் பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகளை), கெட்டியான ஒட்டுநாடா ஒன்றை விளிம்பாக வைத்து, கீறுமுனையால் அழுத்தமின்றி நாலைந்து முறை இழுத்து மீட்டுவிடலாம்.

பழைய தூரிகை எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். பூச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மூலைகளில் வந்த சொரசொரப்பு, வண்ணம் பரப்பைச் சேர்வதற்கு முன்பே காற்றில் பாதி காய்ந்துவிட்டதற்கு அடையாளம். இறக்கையும் உடலும் சேரும் குறுகலான இடத்தில் ஏர்பிரஷ் காற்று மோதித் திரும்பிச் சுழல்கிறது. அந்தச் சுழலில் துளிகள் தூளாகி அங்கேயே படிகின்றன. காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அளவுக்குக் குறைத்து, வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, 5 முதல் 8 செ.மீ. தொலைவில் அடியுங்கள். அந்த மூலைகளை முதலில் முடித்துவிட்டு, திறந்த பரப்புகளைப் பிறகு அடிப்பது நல்லது.

உலோகத் தோற்றத்துக்குச் சாம்பல் பிரைமர் தவறில்லை என்றாலும், பளபளக்கும் கருப்பு அடிப்பூச்சின் மேல் அடித்த வெள்ளிக்கு வரும் ஆழம் சாம்பலின் மேல் வருவதில்லை. உலோகத்துகள்கள் ஒரே திசையில் படிந்தால்தான் ஒளி கண்ணாடியில் படுவதுபோல் திரும்பும். அடிப்பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் துகள்களும் தாறுமாறாகப் படிந்து, பூச்சு வெறும் சாம்பல் நிறமாகிவிடும். ஆல்கிளாட் போன்ற லாக்கர் வகை (காரமான கரைப்பானில் கரைத்த) உலோக வண்ணங்கள் இந்த வேலைக்கென்றே வந்தவை. ஆனால் ஆவிகளைத் தடுக்கும் முகமூடியும் காற்று வெளியேறும் வசதியும் இல்லாமல் அவற்றைத் திறக்கவே வேண்டாம். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

டேப் பிரைமரை உரித்ததற்கு, பாகங்களை வார்த்த அச்சிலிருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிய எண்ணெயோ கைரேகையின் எண்ணெய்ப்பசையோ காரணமாக இருந்திருக்கலாம். பிரைமருக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவிட்டு, அதன் பிறகு வெறும் விரலால் தொடாதீர்கள். டேப்பைப் புறங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்து அதன் பிடிப்பைக் குறைத்த பிறகு பயன்படுத்துங்கள். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், மடக்கிப் பரப்போடு ஒட்டியவாறு பின்னோக்கி இழுங்கள்.

முக்கோணச்சிறகு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வண்ணத்தைக் கழுவிவிட்டேன். கழுவும்போது இன்னொரு தவறும் புலப்பட்டது: மூக்குப் பகுதிக்குள் எடை வைக்க மறந்துவிட்டேன். சக்கரங்களைப் பொருத்திப் பார்த்தால் விமானம் வாலில் உட்காருகிறது. உடலைப் பிளக்காமல் எடை சேர்க்க முடியுமா? சிறு ஈயக்குண்டுகளும் வெள்ளைப் பசையும் கையில் இருக்கின்றன.

ஈரத்துணி எழுதியது:

ஈயத்தையும் வெள்ளைப் பசையையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்தப் பசையின் ஈரமும் அமிலத்தன்மையும் ஈயத்தை மெல்ல அரித்து, வெள்ளைத் தூளாக உப்பச் செய்யும். ஆண்டுகள் கழித்து மாதிரிகள் உள்ளிருந்தே பிளந்த அனுபவம் ரயில் மாதிரி கட்டுபவர்களுக்கு நன்றாகவே தெரியும். எஃகுக் குண்டுகளையும் எப்பாக்சிப் பசையையும் பயன்படுத்துங்கள். மிக்-21-இல் காற்று நுழைவாயில் மூக்கிலேயே இருப்பதால், நடுவிலுள்ள கூம்பு எடைக்கு ஏற்ற இடம். முன்னால் செல்லச் செல்லக் குறைந்த எடையே போதும். கூம்பு இன்னும் ஒட்டப்படவில்லை என்றால் அதன் உட்குழிவை நிரப்புங்கள். ஒட்டிவிட்டீர்கள் என்றால், முன்சக்கர அறையின் கூரையில் சிறு துளையிட்டு அதன் வழியே குண்டுகளைச் செலுத்தலாம்.

டிகால் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சொரசொரப்பான பரப்பில் டிகாலின் படலத்துக்கு அடியில் காற்று சிக்கி, வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் உருமறைப்பு மாதிரிகளில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடிக்கிறோம். உலோகத் தோற்றத்திலோ அந்த வார்னிஷே மினுமினுப்பை மங்கச் செய்துவிடுகிறது. உங்கள் வெள்ளிப் பரப்பு உண்மையிலேயே வழவழப்பாக இருந்தால், வார்னிஷ் இல்லாமல் நேரடியாக ஒட்டுங்கள். படலத்தின் ஓரத்தை, அச்சிட்ட சின்னம் வரை நெருக்கி வெட்டிவிடுங்கள். டிகாலை இளக்கும் திரவத்தைப் பழைய பிளாஸ்டிக் கரண்டியில் அடித்த அதே வண்ணத்தின்மேல் முதலில் சோதித்துப் பாருங்கள், ஏனெனில் சில வெள்ளிப் பூச்சுகள் அதில் கறைபடும். திரவம் பட்டதும் டிகால் சுருங்கிக் கசங்கும். அந்த நேரத்தில் கை வைக்காமல் இருப்பதுதான் கடினம். தானாகவே படிந்துவிடும்.

பேனல் கோடுகளில் கருப்பு வாஷ் (கோடுகளை எடுத்துக்காட்ட விடும் நீர்த்த வண்ணம்) விட வேண்டாம் என்பது என் கருத்து. 1/72 அளவில் 0.2 மி.மீ. கோடு என்பது உண்மையான விமானத்தில் 14 மி.மீ. அகலப் பிளவு, அதைக் கரியால் நிரப்பினால் விமானம் கட்டம்போட்ட கணக்கு நோட்டுப்போல் ஆகிவிடும். அடர்சாம்பலும் பழுப்பும் கலந்த எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்து விட்டு, காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடைத்தெடுங்கள். சக்கரக் கால்களில் அதைத் தேங்கவிடாதீர்கள்; அந்தக் கரைப்பான் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும்.

உப்புத்தாள்600 எழுதியது:

வாஷ் பற்றி ஈரத்துணி சொல்வது சற்றுக் கண்டிப்பாகத் தோன்றுகிறது. அசையும் பகுதிகளான பின்விளிம்பு மடல்களின் கீல்கோட்டில் கருமை இருப்பதே இயல்பு. மற்ற இடங்களில் வாஷைவிட, பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்குச் சற்று மாறுபட்ட வெள்ளி கொடுப்பது சிறந்தது. குறிப்பாக எஞ்சின் வெப்பம் படும் பின்பகுதிக்கு அடர்ந்த சாயலைக் கொடுங்கள். 10,000-க்கும் மேல் கட்டப்பட்ட விமானம் இது. எல்லாமே ஒரே மினுமினுப்போடு இருந்ததில்லை. வெள்ளி வண்ணம் பூசியவையும் உண்டு. எனவே நீங்கள் செய்யப்போகும் எண்ணுடைய விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

முக்கோணச்சிறகு எழுதியது:

கூம்பு இன்னும் ஒட்டப்படவில்லை. நான்கு எஃகுக் குண்டுகளை வைத்து, டேப்பால் தற்காலிகமாகப் பிடித்துப் பார்த்ததில் மூன்று சக்கரங்களிலும் நிற்கிறது. ஐந்தாவதையும் சேர்த்து எப்பாக்சி ஊற்றியிருக்கிறேன். முதுகில் சூப்பர் குளூ விட்டு 2000 வரை தேய்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கருப்பு அடிப்பூச்சு அடித்ததும், கோடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் படத்தை இங்கே இடுகிறேன்.