என்விடியா 5090 கிராஃபிக்ஸ் கார்டுல ஓவர்க்ளாக் மாடலுக்கு 40,000 ரூபா கூடக் குடுக்கலாமா?

சென்னைரிக்:
நேத்து ரிச்சி ஸ்ட்ரீட்ல 5090 விசாரிச்சேன். அதே சிப்பு, அதே 32 ஜிபி மெமரி, ஆனா சாதா மாடலுக்கும் கம்பெனியே வேகத்தைக் கூட்டி விக்குற ஓவர்க்ளாக் மாடலுக்கும் 40,000 ரூபா வித்தியாசம் சொல்றாங்க. மே மாசம் என் ரூம்ல 35 டிகிரி அடிக்கும், ஏசி இல்ல. கேம் ஆடுவேன், ராத்திரி பிளெண்டர்ங்குற 3டி சாஃப்ட்வேர்ல படத்தை ரெண்டர் போட்டுட்டு தூங்கிடுவேன். கூடக் குடுக்குற காசுக்கு உருப்படியா ஏதாவது கெடைக்குமா?

அண்டர்வோல்ட்_அன்பன்:
வேணாம் ப்ரோ. அந்தக் காசை நல்ல பவர் சப்ளைல போடுங்க. 2012ல ஈவிஜிஏ கம்பெனியோட ஜிடிஎக்ஸ் 680 கிளாசிஃபைடு கார்டுல வோல்டேஜ் கூட்ட ஈவிபாட்னு தனியா ஒரு கருவி சொருகலாம், என்விடியா விதிக்கு ஒத்துவரலன்னு அதே வருஷம் ஈவிஜிஏ அந்த வசதியையே தூக்கிட்டாங்க. அதுலேருந்து எந்த மாடல் வாங்கினாலும் வோல்டேஜ் பூட்டு ஒண்ணுதான். என் 4090 கார்டை ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல முழு 1.1 வோல்ட் குடுத்து 3000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏத்திப் பாத்தேன், 500 வாட்டைத் தாண்டிடுச்சு, கேம்ல 5 சதவீதம்கூட கூடல. அப்புறம் அதுலயே கண்ட்ரோல் எஃப் தட்டி, வோல்டேஜுக்கு எவ்ளோ வேகம்னு காட்டுற கர்வை இறக்கி 0.95 வோல்ட்ல 2600ல நிறுத்தினேன், இப்போ 330 வாட்டுதான். வோல்டேஜோட ஸ்கொயர் கணக்குலதான் சிப்பு பவர் இழுக்கும், 1.1லேருந்து 0.95க்கு வந்தாலே கால்வாசி மிச்சம். 35 டிகிரி ரூம்ல உங்களுக்கு வேண்டியது இதுதான்.

எல்என்2_கோவை:
ஃபேன் காத்துல குளிர்ற கார்டை மட்டும் பாத்துட்டு பூட்டு ஒண்ணுதான்னு சொல்லாதீங்க அன்பன். ஈவிஜிஏ கிங்பின், கேலக்ஸ் ஹெச்ஓஎஃப் மாதிரி போர்டெல்லாம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்காகவே செஞ்சது. பயாஸ், அதாவது கார்டோட உள் புரோகிராமை மாத்த தனி சுவிட்ச், மல்டிமீட்டர் முனையை வெச்சு வோல்டேஜ் அளக்க தனிப் புள்ளி, 4090 ஹெச்ஓஎஃப்ல பவர் கனெக்டரே ரெண்டு. நான் பழைய 1080 டிஐ கார்டுல நைட்ரஜன் ஊத்தியிருக்கேன், கால்நடை ஆஸ்பத்திரில சினை ஊசிக்கு வெச்சிருப்பாங்களே அதே திரவம்தான், போர்டு முழுக்க வாஸ்லின் அப்பி, சுத்தி டிஷ்யூ பேப்பர் அடைச்சு, செம்புக் குடுவைல கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், ஓரத்துல பனி வெள்ளையா ஏறும், டிஷ்யூ நனைஞ்சா உடனே மாத்தணும், இல்லன்னா ஒரு சொட்டு தண்ணில கார்டு போயிடும். சாதா போர்டு இதுக்கெல்லாம் செஞ்சதில்ல. ஓவர்க்ளாக்கர் வின்ஸ் லுசிடோ கிங்பின் கார்டை உருவாக்கினது கேம்ல 5 சதவீதம் எஃப்பிஎஸ் கூடுறதுக்காக இல்ல. 2022 செப்டம்பர்ல ஈவிஜிஏ கார்டு தொழிலையே விட்டப்போ எனக்கு ரொம்ப வலிச்சுது.

அண்டர்வோல்ட்_அன்பன்:
அந்த வேலைக்கு எனக்கும் மரியாதை உண்டுங்க, மனசாரச் சொல்றேன். ஆனா இவர் நைட்ரஜனா ஊத்தப் போறார்? ரெண்டர் போட்டுட்டு தூங்குற ஆளு. நீங்க சொல்ற போர்டுகளோட பேரை வெச்சுதான் இன்னைக்கு பெரிய ஹீட்சிங்க்கும் லைட்டும் போட்டு 40,000 கூடக் கேக்குறாங்க.

பழுப்பு_பின்:
ரெண்டு பேரும் க்ளாக்கையே பேசுறீங்க. என் கதையைக் கேளுங்க. சாதா மாடல்தான், கம்பெனி பேர் வேணாம். எட்டு மாசம் கழிச்சு பவர் கேபிளைக் கழட்டினா ஓரத்துல ஒரு பின்னைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பாகி கொப்புளம் மாதிரி எழும்பியிருந்துச்சு, வாசனைகூட வரல. 5090 முழு லோடுல 575 வாட்டு. எல்லாமே கேபிள் வழியா வந்தா 12 வோல்ட்ல 48 ஆம்ப்ஸ், ஆறு பின்னுக்கும் சமமாப் பிரிஞ்சா ஆளுக்கு 8, ஒரு பின்னோட லிமிட்டே 9 ஆம்ப்ஸை ஒட்டித்தான். ஒரு பின் சரியாத் தொடலன்னா அது பங்கையும் மத்ததுதான் சுமக்கும். என்விடியாவோட சொந்த மாடலான 3090 டிஐ ஃபவுண்டர்ஸ் எடிஷன்ல ரெண்டு ரெண்டு பின்னா மூணு குழுவாப் பிரிச்சு வெச்சிருந்தாங்க, அதுக்கப்புறம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துட்டாங்க. ஏசுஸ் ஆஸ்ட்ரல் 5090ல ஒவ்வொரு பின்லயும் எவ்ளோ கரண்ட் போகுதுன்னு தனித்தனியா காட்டும். நான் காசு குடுத்தா அதுக்குத்தான் குடுப்பேன்.

அண்டர்வோல்ட்_அன்பன்:
அது நல்ல பாயிண்ட். ஆனா அது எச்சரிக்கைதான் பண்ணும், கரண்டைச் சமமாப் பிரிச்சு விடாது. ரிக் தூங்கிட்டிருக்கும்போது ஸ்கிரீன்ல எச்சரிக்கை வந்தா யார் பாப்பா? பவர் லிமிட்டை 75 சதவீதம் ஆக்கினா 430 வாட்டு, சமமாப் பிரிஞ்சா பின்னுக்கு 6 ஆம்ப்ஸ். ஒரு பின் கைவிட்டாலும் மிச்சம் அஞ்சும் 7 சொச்சத்துல தாங்கும். இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

பழுப்பு_பின்:
ரெண்டு பின் கைவிட்டா? ஒவ்வொண்ணும் 9 தொட்டுடும். அது தெரியாமலே ஓடும், என்னுது எட்டு மாசம் ஓடலையா?

சென்னைரிக்:
சரி, சாதா மாடலே வாங்குறேன், 430 வாட்டுல பூட்டிடுறேன். கூடவே டிசி அளக்குற கிளாம்ப் மீட்டர் ஒண்ணு வாங்கி, மாசம் ஒரு தடவை ரெண்டர் ஓடும்போது ஆறு வயரையும் தனித்தனியா கவ்விப் பாக்குறேன். எந்த வயர்ல எத்தனை வந்தா பயப்படணும்?

பழுப்பு_பின்:
நம்பரை மட்டும் பாக்காதீங்க. ஒண்ணு 3, இன்னொண்ணு 8னு வந்தா உடனே ஆஃப் பண்ணி கேபிளைக் கழட்டி பின்னை டார்ச் அடிச்சுப் பாருங்க. திருப்பி மாட்டும்போது கடைசி வரைக்கும் உள்ள போகணும், இடைவெளியே தெரியக்கூடாது.

எல்என்2_கோவை:
கேபிளை கனெக்டர்கிட்டயே மடக்காதீங்க, நாலு விரக்கடை நேரா விட்டு அப்புறம் வளைங்க. உங்க பழைய கார்டை வித்துடாதீங்க ரிக், ஒரு ஞாயித்துக்கிழமை கோவைக்குக் கொண்டு வாங்க, நைட்ரஜன் ஊத்திப் பாக்கலாம்.