வாங்கிய ஐபி தொகுதி இன்னும் பழைய நாட்டையே காட்டுகிறது: எங்கே திருத்துவது?

கேள்வி:
ஒரு சிறிய இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து 256 இணைய முகவரிகள் (ஐபி) கொண்ட ஐபிவி4 தொகுதியை வாங்கினோம். பெயர் மாற்றம் முறைப்படி முடிந்து, முகவரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸ் பதிவிலும் எங்கள் நாடு சரியாகவே இருக்கிறது. ஆனாலும் வாடிக்கையாளர்களுக்குத் தேடுபொறி புரியாத மொழியில் திறக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று வங்கித் தளம் கணக்கை முடக்குகிறது. முதியவர் ஒருவர் ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று பார்க்கக்கூட முடியாமல் தவிக்கிறார். யாரிடம் முறையிடுவது?

பதில்:
பதிவகம் வேறு, இருப்பிடத் தரவுத்தளம் வேறு. ஏபினிக், ரைப் போன்ற வட்டாரப் பதிவகங்கள் ஒரு தொகுதி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத்தான் பதிகின்றன. அது எந்த ஊரில் பயன்படுகிறது என்று கணிப்பவை மேக்ஸ்மைண்ட், ஐபி2லொக்கேஷன், ஐபிஇன்ஃபோ போன்ற தனியார் தரவுத்தளங்கள். முதலில் இவற்றில் உங்கள் முகவரியைத் தேடி, எது தவறாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஜியோஃபீட் கோப்பு ஒன்றை, அதாவது உங்கள் முகவரிகள் எந்த ஊரில் பயன்படுகின்றன என்று சொல்லும் பட்டியலை, உங்கள் தளத்தில் வெளியிடுங்கள். 2020இல் வந்த ஆர்எஃப்சி 8805 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதன் வடிவத்தை வகுத்திருக்கிறது. தொகுதிக்கு ஒரு வரி போதும். 203.0.113.0/24 என்பது போல (/24 என்றால் 256 முகவரிகள்) முகவரித் தொகுதியில் தொடங்கி, இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு, மாநிலக் குறியீடு, ஊர்ப் பெயர் என்று காற்புள்ளியிட்டு எழுத வேண்டும். கடைசிக் காற்புள்ளிக்குப் பின் அஞ்சல் குறியீட்டுக்கான இடம். அதை இப்போது பயன்படுத்துவதில்லை, காலியாக விடுங்கள். கோப்பின் முகவரி எச்டிடிபிஎஸ் ஆக இருக்க வேண்டும். அந்த முகவரியைப் பதிவகத்தில் உங்கள் தொகுதிக்கான பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். தரவுத்தளங்கள் அங்கிருந்துதான் கோப்பைக் கண்டுபிடிக்கும். அத்தோடு நிற்காமல், தவறாகக் காட்டும் ஒவ்வொரு தரவுத்தளத்தின் திருத்தப் படிவத்தையும் நிரப்புங்கள்.

இன்னொருவர்:
ஊர் உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தையும் காலியாகவே விடுங்கள். அமெரிக்கா என்பதற்கு மேல் எதுவும் தெரியாத கோடிக்கணக்கான முகவரிகளுக்கு மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுவே ஒரு புள்ளியைக் கொடுத்திருந்தது. அது கான்சாஸ் மாநிலத்துப் பண்ணை ஒன்றில் விழுந்தது. மோசடிக்காரர்களையும் காணாமல் போனவர்களையும் தேடி, அங்கே குடியிருந்தவர்களின் கதவைக் காவலர்கள் ஆண்டுக்கணக்கில் தட்டினார்கள். 2016இல் செய்தி வெளியான பிறகுதான் புள்ளியை ஒரு நீர்நிலைக்கு நகர்த்தினார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினால் யாரோ ஒரு அப்பாவி அவதிப்படுவார்.

வேறொருவர்:
நான் வெறும் வீட்டுப் பயனர். எனக்கும் ஊர் தவறாக வருகிறது. நானே திருத்த முடியுமா?

பதில்:
திருத்தப் படிவத்தை யாரும் நிரப்பலாம். ஆனால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் இணைப்பாக இருந்தால், உங்கள் ஊரை எழுதுவது மற்றவர்களுக்குத் தவறாகிவிடும். சேவை நிறுவனத்திடம் சொல்லி அவர்களையே ஜியோஃபீட் வெளியிடச் செய்வதுதான் சரி. அதற்கு முன், வேறு இடத்து முகவரியைக் காட்டும் விபிஎன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. கோப்பை வெளியிட்டு, படிவங்களையும் அனுப்பினேன். தரவுத்தளங்கள் இப்போது சரியாகக் காட்டுகின்றன. வங்கித் தளம் மட்டும் மாறவில்லை.

பதில்:
வங்கி தன் சர்வரில் தரவுத்தளத்தின் பழைய பிரதியை வைத்திருக்கக்கூடும். அவர்களின் தொழில்நுட்பப் பிரிவிடம் எந்தத் தரவுத்தளம், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். ஜியோஃபீட் முகவரியையும் அனுப்புங்கள். அதுவரை அந்த முதியவருக்கு, உங்களிடம் முன்பே இருந்து சரியான நாட்டைக் காட்டும் வேறு தொகுதியிலிருந்து ஒரு முகவரியை ஒதுக்கிக் கொடுத்துவிடுங்கள்.