காதில் 'டொப்' சத்தம், அடைத்த மாதிரி உணர்வு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொள்ளாச்சிக்காரன்
போன ஞாயிறு வால்பாறையிலிருந்து பைக்கில் இறங்கினேன். ஏற்கெனவே இரண்டு நாளாகச் சளி. நாற்பது வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, இடது காதில் பஞ்சை வைத்து அமுக்கின மாதிரி ஆகிவிட்டது. எச்சில் விழுங்கினேன், கொட்டாவி விட்டேன், ம்ஹூம். ஆழியாரில் டீ குடிக்க நிறுத்தினேன். கடைக்காரர் கிளாஸில் ஸ்பூனைப் போட்டுக் கலக்குகிற சத்தம் வலது பக்கத்திலிருந்து வருகிறது. அவர் நின்றதோ எனக்கு இடப்பக்கம்.

இன்றோடு ஐந்து நாள். விழுங்கும்போதெல்லாம் உள்ளே 'டொப்'. சில நேரம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி. மலை ஏறும்போது ஒன்றுமே இல்லை, அதுதான் புரியவில்லை.

நிலா_அம்மா
எனக்கில்லை, என் மகளுக்கு. அப்போது ஏழு மாதம். சிங்கப்பூரிலிருந்து திருச்சி வந்தோம். விமானம் கீழே இறங்க ஆரம்பித்தபோது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று அலறினாள். அப்படி ஓர் அழுகையை அதற்கு முன் கேட்டதில்லை. காதைப் பிடித்து இழுக்கிறாள், முகமெல்லாம் சிவந்துவிட்டது. பக்கத்து வரிசைப் பாட்டி, "பால் குடும்மா, முழுங்குனா சரியாயிடும்" என்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் நான் தயங்கினேன். பிறகு கொடுத்தேன். நாலு மடக்கு குடித்திருப்பாள், அழுகை நின்றது. தயங்கின அந்த இரண்டு நிமிடம் இன்னும் மனதை அறுக்கிறது.

அண்ணா, நீங்கள் கேட்டதற்கும் இதுதான் பதில். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. ஏறும்போது உள்ளே மிஞ்சும் காற்று தானாகப் பிதுங்கி வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே வர வேண்டும், அதற்கு நாம் விழுங்கியோ கொட்டாவி விட்டோ குழாயைத் திறக்க வேண்டும். சளியில் அது வீங்கிக் கிடந்தால் திறக்காது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவசமாகவும் இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

குற்றாலச்சாரல்
ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த அன்று எனக்கும் அடைத்தது. அம்மா நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விட்டார். மறுநாள் கறுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. தெருவில் போகிற சைக்கிள் செயின் சத்தம்கூடக் கேட்டது. தம்பி, டாக்டர் வீட்டுக்கு ஓடுமுன் இதைச் செய்து பாருங்கள்.

ஊசிநூல்
ஐயா, தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு வந்தது அழுக்கு. தண்ணீர் பட்டதும் ஊதி அடைத்திருக்கிறது, எண்ணெயில் இளகி வந்துவிட்டது. அவருக்கு அடைத்திருப்பது செவிப்பறைக்குப் பின்னால். எண்ணெய் அங்கே போகவே போகாது. பறையில் ஓட்டை இருந்தால் போகும், போனால் சீழ்தான். என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது, பறை கிழிந்திருந்தது தெரியாமல் விட்டோம். அவன் தலையணை உறையில் காலையில் இருந்த மஞ்சள் கறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதச் சொல்லி யாராவது வருவார்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவர் 1704லேயே எழுதிவைத்த முறை அது. தப்பில்லை. ஆனால் மூக்கில் சளி நிறைந்திருக்கும்போது பலமாக ஊதினால் அந்தச் சளி காதுக்குள் ஏறும். அதைவிட மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். ஆவி பிடியுங்கள். மூக்கைச் சிந்தினால் ஒவ்வொரு பக்கமாக, மெதுவாக. பட்ஸைத் தூக்கிப் போடுங்கள், அது அழுக்கை வெளியே எடுப்பதில்லை, உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகிறது. மருந்துக் கடையில் கொடுக்கிற மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், அதை நிறுத்தும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அப்புறம், வாயை அகலத் திறக்கும்போதோ மெல்லும்போதோ மட்டும் 'டிக்' என்று கேட்டால் அது தாடை மூட்டாகவும் இருக்கலாம். காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், அசைவது கையிலேயே தெரியும்.

இரவுப்பணி
எல்லாரும் அழுக்கு, சளி என்றே பேசுகிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை எழுந்தேன், வலது காது அடைத்திருந்தது. சளி இல்லை, வலி இல்லை, 'டொப்' சத்தமும் இல்லை. உள்ளே 'கொய்ங்' என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போனை அந்தக் காதில் வைத்தால் பேச்சு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒன்பது நாள் விட்டேன். பத்தாவது நாள் இ.என்.டி. டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கே" என்றார். பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பீர்களே, அந்த இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். இடது என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அடைப்பு மட்டும் என்றால் சத்தம் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்கும். நல்ல காதுக்குப் போனால் பழுது உள்காதில் அல்லது நரம்பில். அன்றைக்கே ஸ்டீராய்டு ஆரம்பித்தார். முதல் சில நாளிலேயே வந்திருக்க வேண்டும் என்றார். கொஞ்சம் திரும்பியது, முழுக்க இல்லை. அந்த ஒன்பது நாளை யாரிடம் போய்க் கேட்பது?

பொள்ளாச்சி சகோ, வாயை மூடி 'ம்ம்ம்' என்று ஒரே சுதியில் முனகிப் பாருங்கள். சத்தம் எந்தக் காதில் கேட்கிறது? எதில் கேட்டாலும் சரி, டாக்டரைப் பாருங்கள்.

பொள்ளாச்சிக்காரன்
சகோ, உங்கள் பதிவைப் படித்தபோது மணி பதினொன்றரை. இருட்டில் உட்கார்ந்து முனகினேன். அடைத்த காதுக்குள் வண்டு ரீங்கரித்த மாதிரி கேட்டது. அப்புறம்தான் படுத்தேன்.

காலையில் டாக்டரிடம் போனேன். அவரும் நெற்றியில் கவையை வைத்தார், இடதில்தான் கேட்டது. செவிப்பறை உள்பக்கம் இழுத்துக்கொண்டு, பின்னால் நீர் கோத்திருக்கிறதாம். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுக் குழாய் வாயையும் பார்த்தார். பெரியவர்களுக்கு ஒரே காதில் நீர் கட்டினால் அந்த இடத்தைப் பார்க்காமல் விடமாட்டேன் என்றார். அங்கே ஒன்றும் இல்லை. 'டொப்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், குழாய் திறக்கப் பார்க்கிறது என்றார். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், சளியோடு மலைக்குப் போகவே கூடாது என்றும் சொன்னார்.

குற்றாலம் ஐயா, எண்ணெய் விடவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போதைக்கு வீட்டில் யார் கூப்பிட்டாலும் வலது பக்கம்தான் திரும்புகிறேன்.